மிஸ் டன்பாரின் கை

ஒனூஃப்ரி குடியை விட்டுவிட்டான். ஊரே வந்து டெக்லாவைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடியது. டெக்லாவுக்கோ வயிறு எரிந்தது.

கேட்கிறவர்களுக்கு இது அநியாயமாகத்தான் படும். புருஷன் திருந்திவிட்டான், இவளுக்கு இன்னும் என்ன குறை என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் பன்னிரண்டு வருஷம் ஒரு குடிகாரனோடு குடித்தனம் நடத்தியிருக்க மாட்டார்கள். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஐம்பதுகளில் பீர்க்கடைக்குள் பெண்கள் காலெடுத்து வைக்க முடியாது. டெக்லா கடை வாசலில் டிரக்கை நிறுத்தி, குளிரில் விரல் மரத்துப்போக, ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பாள். உள்ளே இருக்கிறவர்கள், ஒனூஃப்ரி உன் பொண்டாட்டி பாட ஆரம்பிச்சுட்டா என்று சிரிப்பார்கள். புதனும் வெள்ளியும் விரதம் இருந்தாள். வீட்டின் கிழக்கு மூலையில் பூத்தையல் துண்டு சார்த்திய மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் தேய மன்றாடினாள். ஒனூஃப்ரியோ ஈஸ்டருக்கு மட்டும் தேவாலயத்துக்கு வருவான். அதுவும் வீட்டிலிருந்து கொண்டுபோகும் கூடையில் சாமியார் மந்திரித்துத் தரும் சாசேஜுக்காக.

அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரே பகலில் கடவுள் காட்சி கொடுத்துவிட்டார்.

மாகாணத்து மனநல மருத்துவமனையில் டாக்டர் ஸ்டோக் என்பவர் குடிகாரர்களுக்கு ஒரு புது மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்.எஸ்.டி. என்று பெயர். ஒரு கிளாஸ் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். பிறகு ஓர் அறையில் படுக்க வைப்பார்கள். அறையில் ஒரு கம்பளம், குடுவையில் ஒரு ரோஜா, ஒரு கிராமபோன். பொழுது சாயும்வரை நர்ஸ் ஒருத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான் வைத்தியம். போய்விட்டு வந்த அன்று ஒனூஃப்ரி சமையலறை மேசையில் உட்கார்ந்து பீட்ரூட் சூப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு பேசினான்.

"ஒரு கை இருந்துச்சு டெக்லா. நான் செத்துட்டேன். நெசமாவே செத்துட்டேன். அப்பவும் அந்தக் கை என்னை விடல. அது கடவுளோட கைன்னு அப்புறந்தான் புரிஞ்சுது."

"யாரு கைய்யா அது?"

ஒனூஃப்ரி சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். "மிஸ் டன்பார் கை."

அன்றிலிருந்து டெக்லாவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர்மேல் பொறாமை. ஒன்று அந்த நர்ஸ். இன்னொன்று, வெளியே சொல்ல முடியுமா, கடவுள். அழைத்தது அவள், விரதம் கிடந்தது அவள். வந்தவர் அவள் வீட்டைத் தாண்டிப்போய், ஒருநாள் கூட அவரைக் கூப்பிடாதவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். உன் ஜெபம் கேட்கப்பட்டது மகளே என்று சாமியார் சொன்னபோது, கேட்டவருக்கு என் விலாசம் தெரியாதா என்று அவள் வாய்வரை வந்துவிட்டது.

வீட்டில் ஒனூஃப்ரி விருந்தாளி மாதிரி ஆகிவிட்டான். சூப் கொடுத்தால் நன்றி சொன்னான். பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தான். குடித்த காலத்தில் திட்டுவான், தட்டை உடைப்பான், பிறகு அவள் மடியில் தலையை வைத்து அழுவான். இப்போது எதற்கும் அவன் அவளிடம் வரவில்லை. அந்த அழுகைக்காக அவள் ஏங்கினாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் ஏங்கினாள்.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனிக்கிழமையில், மருந்து எடுத்தவர்கள் எல்லாம் மருத்துவமனையில் கூடுவார்கள். ஒனூஃப்ரி அதற்கு முகம் பளபளக்கச் சவரம் செய்துகொண்டு, கல்யாணத்துக்குக் கட்டிய டையைக் கட்டிக்கொண்டு கிளம்புவான். ஏப்ரல் மாதம் மேட்டுச் சரிவில் பனி உருகியதும் முளைக்கும் ஊதா நிறக் குரோகஸ் பூக்களைப் பறித்து, ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனான். அவனுக்குப் பூப் பறிக்கத் தெரியும் என்பதே டெக்லாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த தடவை அவளும் டிரக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வழியெல்லாம் அவள் மனதில் ஒரு மிஸ் டன்பார் இருந்தாள். பொன்னிற முடி, மெல்லிய இடுப்பு, உதட்டுச் சாயம். அவளிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தனக்குத் தெரிந்த கொஞ்ச நஞ்ச ஆங்கிலத்தில் கோத்து வைத்திருந்தாள். கதவைத் திறந்துகொண்டு வந்தவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கதவளவு அகலம், வீங்கிய கணுக்கால், மேலுதட்டில் லேசான மீசை. அழகியாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். இவளிடம் என் புருஷன் என்னதான் கண்டான் என்ற கேள்வி முன்னைவிட மோசமாகக் குடைய ஆரம்பித்தது.

டாக்டர் ஸ்டோக்கிடம் நேராகப் போனாள். முதல் தடவை பெற்ற பலம் குறைகிறது, ஒனூஃப்ரி போன வாரம் பீர்க்கடை வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறான், இன்னொரு தடவை மருந்து கொடுக்கப்போகிறோம் என்றார் அவர். அந்தத் தடவை அவன் பக்கத்தில் நான்தான் உட்காருவேன் என்றாள் டெக்லா.

டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். அங்கே ஒரு விதி இருந்தது. மருந்தைத் தாங்களே எடுத்துப் பார்க்காதவர்கள் யாருக்கும் துணைக்கு உட்காரக் கூடாது. நோயாளி எங்கே போயிருக்கிறான் என்று தெரியாதவர்கள் பயந்துபோய் அவனையும் பயமுறுத்திவிடுவார்களாம். டாக்டரே எடுத்திருக்கிறார். கடவுளைப் பற்றி ஒரு அலமாரி நிறைய ஆராய்ச்சி செய்து வைத்திருந்த அந்த மனிதருக்குக் கம்பளத்தில் போட்டிருந்த பூக்கள் மட்டும் கொஞ்சம் ஆடிக் காட்டினவாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்திலும் கொஞ்சம் வயிற்றெரிச்சல் தெரிந்தது.

"அப்ப எனக்கும் குடுங்க" என்றாள் டெக்லா.

டாக்டருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. குடிகாரர்கள் கண்ட கடவுளும், நாள் தவறாமல் கும்பிடுகிறவர்கள் காணும் கடவுளும் ஒன்றுதானா என்று பார்க்க அவருக்கு ஒரு பக்தை தேவைப்பட்டாள். உடனே நாள் குறித்துவிட்டார். துணைக்கு உட்காரப்போவது யார் என்று டெக்லா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்று காலை அவள் கிளாஸைக் காலி செய்துவிட்டுத் திரும்பினால், நாற்காலியில் மிஸ் டன்பார்.

டெக்லா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கடவுள் வந்தால் கேட்க வேண்டிய கேள்விகளை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் ரோஜா மூச்சு விட ஆரம்பித்தது. பிறகு சுவர் கரைந்தது. பீர்க்கடை வாசலில், டிரக்கில், தனியாக இருந்தாள். ஹாரனை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. கடைக்குள் விளக்கு இல்லை, ஊரில் ஆள் இல்லை. உள்ளே யாருமே இருந்ததில்லை, இத்தனை வருஷமும் வெறும் கட்டடத்தைத்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்று தெரிந்தது. பனி டிரக்கை மூடியது. அவளையும் மூடியது. கத்தினாள் என்றுதான் நினைக்கிறாள்.

அப்போது ஒரு கை வந்தது. அகலமான, சூடான, கொஞ்சம் சோப்பு வாசனை அடித்த கை. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அது எதையும் கேட்கவில்லை, எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. அவசரமே இல்லாமல் அங்கேயே இருந்தது. பிறந்ததிலிருந்து தன்னை யாரும் இப்படிப் பிடித்துக்கொண்டதில்லை என்று டெக்லாவுக்குத் தோன்றியது. எப்போதும் மற்றவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். தேம்பித் தேம்பி அழுதாள்.

கடவுளும் வந்தார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. முதுகுக்குப் பின்னால், ஜன்னல் பக்கம், வெளிச்சமாக வந்து நின்றார். திரும்பிப் பார்க்க வேண்டுமானால் கையை விட வேண்டும். அவள் விடவில்லை.

சாயங்காலம் டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கடவுளைக் கண்டாளா என்று கேட்டார். வந்தார், நான் திரும்பிப் பார்க்கவில்லை என்றாள். டாக்டர் திகைத்துப்போய்க் காரணம் கேட்டார்.

"கை ஒழியல" என்றாள் டெக்லா.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒனூஃப்ரி டிரக்கை ஓட்டியபடி ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தான். இரு பக்கமும் உழுது போட்ட கரிசல் மண், நடுவே சேறு. அவள் எதுவும் சொல்லாமல் வந்தாள். சொன்னால் பங்கு கேட்பான் என்று பயம்.

"உனக்கும் கையப் புடிச்சாளா?" என்றான் கடைசியில்.

"ம்."

"எந்தக் கைய?"

"ரெண்டையும்."

அவன் கியரை மாற்றினான். "எனக்கு வலது கை மட்டும்தான். ஆனா பாடினா. மெதுவா, வாய்க்குள்ளயே."

டெக்லாவுக்குச் சுருக்கென்றது. அவளுக்கு யாரும் பாடவில்லை. "எனக்குந்தான் பாடினா. ரெண்டு பாட்டு" என்றாள் வாய் கூசாமல். ஒனூஃப்ரி வண்டியை ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றினான். வேண்டுமென்றே செய்தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

புருஷனைப் பறித்துக்கொண்டாள் என்று நர்ஸைக் கரித்துக் கொட்டியவள், இப்போது நர்ஸைப் பங்கு போடுகிறான் என்று புருஷனைக் கரித்துக் கொட்டினாள். ஒனூஃப்ரிக்கும் அதே கதைதான். அவனுக்கு இரண்டாம் தடவை மருந்து கொடுக்கும் சனிக்கிழமையன்று டெக்லா விடியும் முன்பே எழுந்து, சரிவில் மீதமிருந்த குரோகஸ்களில் நல்லதாகப் பார்த்துப் பறித்து வைத்துக்கொண்டாள். பின்னால் போனவனுக்கு வாடினதுதான் கிடைத்தது. ஒருவருக்கொருவர் காட்டாமல் ஆளுக்கொரு பொட்டலத்தோடு வண்டி ஏறினார்கள்.

மருத்துவமனை நடையில் மிஸ் டன்பார் இரண்டு பூங்கொத்தையும் வாங்கி ஒரே ஜாடியில் செருகினாள். ஒனூஃப்ரியைப் பார்த்து, நல்லா இருக்கீங்களா என்றாள். பிறகு டெக்லா பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஹெலன்தானே?"

டெக்லா தன் பெயரைத் திருத்தாமல் ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். ஏன் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. அதற்குள் நடையின் கோடியிலிருந்து ஓர் இளைஞனை அழைத்து வந்தார்கள். ரயில்வேயில் வேலை செய்பவன், கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. மிஸ் டன்பார் போய் அந்தக் கையைப் பிடித்தாள். அன்று டெக்லாவைப் பிடித்த அதே பிடி. அவனைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குள் போனாள். ஒனூஃப்ரியும் டெக்லாவும் நின்ற இடத்திலேயே நின்று, அந்தக் கதவு சாத்திக்கொள்வதைப் பார்த்தார்கள்.

"யாரு அவன்?" என்றான் ஒனூஃப்ரி எரிச்சலோடு.

"எவனோ" என்றாள் டெக்லா.

ஒனூஃப்ரி தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தான். டெக்லா நாற்காலியில் உட்கார்ந்தாள். அடம்பிடித்து, மருந்து குடித்து, செத்துப் பிழைத்து வாங்கிய நாற்காலி. இப்போது அதில் உட்கார அவளுக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கும் அவனுக்குக் கடவுள் வந்துவிட்டால் தன் கையும் அந்தக் கைக்குச் சமம். வராமல் போனால், பன்னிரண்டு வருஷம் இவனைத் தூக்கி நிறுத்திய கை ஒரு மீசைக்காரியின் கைக்குப் பெறாது என்று ஆகிவிடும். அதன்பிறகு அவன் மறுபடி பீர்க்கடைக்குப் போனால் தடுக்க அவளிடம் வேறு எதுவும் இல்லை.

அவன் வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கிராமபோன் ஓடி நின்றது. ஒனூஃப்ரியின் மூச்சு மாறியது, நெற்றி வேர்த்தது, விரல்கள் அவள் விரல்களை நெரித்தன. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தாள். அடுத்த அறையிலிருந்து சுவர் வழியாக வாய்க்குள்ளேயே பாடுகிற சத்தம் கேட்டது. டெக்லாவும் பாடப் பார்த்தாள். குரல் எழும்பவில்லை.

நடுப்பகலில் அவன் கண்ணைத் திறந்தான். அறையை ஒரு மூலை விடாமல் தேடினான். ஜன்னலைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். கண்ணில் நீர் தளும்பியிருந்தது. ஏமாந்துபோன சின்னப் பிள்ளை மாதிரி உதடு பிதுங்கியது.

"யாருமே வரல டெக்லா" என்றான். "நீ மட்டுந்தான் இருக்கே."

எத்தனையோ வருஷம் டெக்லா அவன் வாயிலிருந்து கேட்க ஏங்கிய வார்த்தையை அவன் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சுவருக்கு அப்பால் பாட்டு நிற்கவில்லை. அவனும் அதைக் கேட்கிறான் என்று தெரிந்தது. தானும் கேட்பது அவனுக்குத் தெரியும் என்பதும் தெரிந்தது.

"நான் போதாதா?" என்றாள்.

அவன் பொய் சொல்ல முடியாத நிலையில் இருந்தான்.

"போதாது" என்றான். பிறகு அவள் கையை இழுத்துத் தன் கன்னத்தின் கீழே வைத்து, அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். "ஆனா எடுத்துடாத."

கை மரத்துப்போயும் அவள் எடுக்கவில்லை.