விதைக்கு விட்ட சுரை

செருப்பில் அப்பியிருந்த மண்ணைத் தோட்டத்துக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்த தையல்காரர் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தார். பந்தலில் சுரைக்காய் இல்லை.

மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குழாயை மூடாமலே பந்தலுக்கு அடியில் போய் நின்றார். விழுந்திருக்குமோ என்று கத்தரிப் பாத்திக்குள் குனிந்து தேடினார். பிறகுதான் காம்பைக் கவனித்தார். கத்தியால் நறுக்கிய காம்பு. நுனியில் ஈரம் இன்னும் காயவில்லை.

அது விதைக்கு விட்ட காய். வீட்டுக்குப் பின்னால் இருந்த கையகல மண்ணில் மழைக்குக் கீரை, பனிக்கு முள்ளங்கி, வெயிலுக்கு வெண்டை என்று அவள் ஓயாமல் எதையாவது போட்டுக்கொண்டே இருப்பாள். கடை உரமும் மருந்தும் அந்த மண்ணைத் தொட்டதில்லை. காய்ப்பதில் பாதி தெருவுக்குப் போகும். சுரை விதையும் அப்படித்தான். "எல்லாரும் நல்லாத் தின்னுட்டு, அடுத்த வருஷம் விதைக்கு என்கிட்ட வந்து பல்லைக் காட்டுவாங்க" என்று சிரித்துக்கொண்டே காகிதத்தில் மடித்துக் கொடுப்பாள். இந்த வருடம் மழை தப்பிப் பெய்ததில் பூவெல்லாம் உதிர்ந்து, கடைசியில் தேறியது இந்த ஒரு காய்தான்.

ஒருநாள் அவர் கத்தியோடு அதன் அடியில் போய் நின்றபோது சமையலறையிலிருந்து ஒரே சத்தம்.

"அதைத் தொட்டீங்க, அவ்வளவுதான்! நீங்க தப்பா வெட்டினா ஒட்டுப் போட்டுத் தைச்சுடுவீங்க. நான் இதை எதை வெச்சுத் தைக்கிறது?"

அன்றைக்கே அவருடைய மெஷினுக்கு அடியில் கிடந்த சிவப்புத் துண்டுத்துணி ஒன்றை எடுத்துக் காம்பில் கட்டிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் அதே கேள்விதான்.

"சுரை காஞ்சுதா?"

"இன்னும் பச்சையாத்தான் இருக்கு."

"அவசரப்படாதீங்க. கொடியிலேயே காயட்டும். ஆட்டினா உள்ள விதை கலகலன்னு கேக்கணும். அப்புறம் பறிங்க."

"நீயே வந்து ஆட்டிப் பாரு."

ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன அவருடைய விரல்நுனியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, தண்ணி ஓடுது பாருங்க." மகள் வந்து குழாயை மூடினாள். "வாங்க, ஒரு வாய் சாப்பிடலாம்."

சமையலறையில் மாடி வீட்டு நர்ஸ் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. இரவு வேலை முடிந்து வந்தவள் தூங்கப் போகாமல் இங்கேயே நின்றிருந்தாள். உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"உக்காருங்கண்ணா. ரெண்டு நாளா நீங்க பச்சைத் தண்ணிகூட குடிக்கலையாமே. வீட்ல ஒரு காய்கூட இல்ல. நல்ல வேளை, பந்தல்ல ஒரு சுரைக்காய் இருந்துச்சு. கொஞ்சம் முத்தல்தான். நல்லா வேக வெச்சுட்டேன்."

மகளின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"அக்கா, அது..."

தையல்காரர் மகளைப் பார்த்தார். சின்ன வயதில் விருந்தாளிகள் முன்னால் அவள் வாயை அடக்கிய அதே பார்வை.

"அது என்னம்மா?" என்றாள் நர்ஸ்.

"அது... அம்மா ஆசையா வளர்த்தது."

"தெரியும்டா. அதான் அவங்க கையால விளைஞ்சதை இன்னைக்கு நீங்க சாப்பிடணும்னு தோணுச்சு." நர்ஸ் அவர் பக்கம் திரும்பினாள். "நான் டூட்டி முடிஞ்சு வர்றப்பல்லாம் மாடிப்படியில ஒரு பை தொங்கும்ணா. நாலு வெண்டைக்காய், ரெண்டு தக்காளி. எனக்குன்னு யாரும் இல்லைன்னு நான் அவங்ககிட்ட சொன்னதுகூட இல்ல."

தட்டில் இருந்த காயிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு முன் மனைவி தினமும் முணுமுணுப்பதை, இத்தனை வருடங்களில் முதல் முறையாக, அவர் வாய்விட்டுச் சொன்னார். "கடவுளே, விளைய வெச்சதுக்கு நன்றி. சமைச்ச கைக்குச் சுகம் குடு."

நார் பல்லில் சிக்கியது. உப்பு ஒரு கல் தூக்கல். அன்போடு நீட்டிய கை நோகாமல் வாங்கிக்கொள்வதும் கடவுளுக்குச் செய்யும் பணிதான் என்று அந்த வீட்டில் ஒருத்தி நம்பி வாழ்ந்திருந்தாள். அவர் தட்டை முன்னால் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் வைம்மா."

நர்ஸின் முகம் மலர்ந்தது. "தோல், விதை எதையும் குப்பையில போடலண்ணா. அக்கா இருந்தா திட்டுவாங்க. உரக்குழியிலதான் போட்டிருக்கேன். காம்புல கட்டியிருந்த துணியையும் அலசி ஜன்னல்ல போட்டிருக்கேன். காக்கா கொத்தாம இருக்கக் கட்டியிருந்தாங்களா?"

"ஆமாம்மா" என்றார்.

வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு உரக்குழிக்குப் போய்ச் சருகை விலக்கினார். தோலுக்கு நடுவே விதைகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. ஒன்றை எடுத்து அழுத்தினார். தண்ணீராய் நசுங்கியது. இன்னொன்றும் அப்படியே. மூன்றாவதை எடுத்தவர், அழுத்தாமல் திரும்ப வைத்தார். குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுவதுபோலச் சருகை மேலே இழுத்துவிட்டார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சுரைப்பூ விரியும் நேரம். காலம் முடிந்த கொடிதான். இலையெல்லாம் பழுப்பேறிவிட்டது. ஆனாலும் பந்தலின் ஓரத்தில், அடியில் கட்டைவிரல் அளவு பிஞ்சோடு ஒரு பெண்பூ வெள்ளையாக விரிந்திருந்தது. சற்றுத் தள்ளி ஓர் ஆண்பூ.

"பூச்சி வரலைன்னா நாமதாங்க கல்யாணத் தரகர்" என்று சொல்லிக்கொண்டே மனைவி செய்வதை எத்தனையோ சாயங்காலங்கள் மெஷினில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறார். ஆண்பூவைக் கிள்ளி இதழ்களை உரித்தார். ஊசியில் நூல் கோக்கும்போது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தொட்டு எடுத்தார். பிறகு ஜன்னல் கம்பியிலிருந்து சிவப்புத் துணியைக் கொண்டுவந்தார். அது இன்னும் முழுதாகக் காயவில்லை.

"அப்பா, இருட்டிடுச்சு. உள்ள வாங்க."

"வரேன்மா."

பிஞ்சின் காம்பில் போட்ட முடிச்சை அவர் இறுக்கவில்லை. வளரும் பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது விடுவதுபோல, இரண்டு விரல் இடம் விட்டுக் கட்டினார்.