திராட்சைப் பண்ணையில் இரண்டு நாள்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் மெர்வின் அடோனிஸ் மனைவியைக் கூட்டிக்கொண்டு எங்கேயும் போனதில்லை. கேப் டவுனில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவனுக்கு லீவு கிடைக்கும்போது, நர்ஸாக இருக்கும் யோலண்டாவுக்குக் கிடைக்காது. பிள்ளைகள் இருவரும் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. சாப்பிட்டாச்சா, கேட்டைப் பூட்டியாச்சா, அவ்வளவுதான். இப்படியே விட்டால் ஒரே கூரையின் கீழ் இரண்டு வாடகைக்காரர்களாகிவிடுவோம் என்று அவனுக்கு உள்ளூரப் பயம்.

அதனால் அவளிடம் மூச்சுக்கூட விடாமல், ஃபிரான்ஷ்ஹூக் பக்கம் ஒரு திராட்சைப் பண்ணையில் இரண்டு நாளைக்குத் தனி வீடு பதிவு செய்தான். பண்ணையின் பிரெஞ்சுப் பெயர் அவன் வாயில் நுழையவில்லை. படமோ பிரமாதம். வெள்ளைச் சுவர், பச்சைக் கதவு, வாசல்வரை திராட்சைக் கொடி, திறந்த கதவு வழியே உள்ளே ஒரு குளியல் தொட்டி.

சனிக்கிழமை மதியம் பெருமையாகப் படத்தைக் காட்டினான். யோலண்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது எங்க வீடு," என்றாள்.

"எது?"

"இதுதான். இப்ப குளிக்கிற தொட்டி வெச்சிருக்காங்க பாரு, அங்கதான் நாங்க நாலு பிள்ளைங்களும் படுப்போம்."

"நீ வளந்தது ஃபூரி பண்ணைன்னுதானே சொல்லுவே?"

"அதேதான். முதலாளி பேரு ஃபூரி. ஒயின் பாட்டில்ல ஒட்டியிருக்கிற பேரை வேலைக்காரங்க யாரு சொன்னாங்க?"

அந்தப் பண்ணையில் வேலை செய்த அவள் அப்பா செத்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்பது மெர்வினுக்குத் தெரியும். இத்தனை பண்ணை இருக்க, தேடிப்பிடித்து இதில் போய் விழுந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"கேன்சல் பண்ணிடறேன் யோலி. கடற்கரைப் பக்கம் எங்கயாவது போவோம்."

அவள் உருளைக்கிழங்கை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். கடற்கரையும் நடக்காது, எல்லாம் போச்சு என்று அவன் முடிவுகட்டிவிட்டான்.

"வேணாம், அங்கயே போவோம்," என்றாள் கடைசியில். "அப்பல்லாம் காலையில அஞ்சரைக்கு வேலைக்கு மணி அடிப்பாங்க. அதுக்கப்புறம் எங்கம்மா ஒரு நாள்கூட படுத்திருந்ததில்ல. அந்த வீட்டுல நான் பத்து மணிவரைக்கும் தூங்கணும். எழுப்பினே, தொலைஞ்சே."

"நான் ஏன் எழுப்பறேன்? நானும்தான் தூங்குவேன்."

"உன் குறட்டைதான் எழுப்பும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது.

"அவங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடு," என்றாள் அவள். "ரூம்ல ஒயின் வைக்கக் கூடாது."

உடனே பண்ணைக்குப் போன் போட்டான். எடுத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். "தினம் ரெண்டு பாட்டில் வைப்போம் சார். அதுக்குக் காசு கிடையாது."

அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டான். "சும்மா குடுக்கறாங்களாம் யோலி."

"எங்கப்பாவுக்கும் சும்மாதான் குடுத்தாங்க," என்றாள் அவள், கிழங்கிலிருந்து கண்ணெடுக்காமல். "காலையில வேலைக்கு முன்னால ஒரு டம்ளர், மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ரெண்டு. நாப்பத்திமூணு வயசுல ஈரல் போயி செத்தாரு."

மெர்வின் கையை எடுத்தான்.

"வேணாம்மா," என்றான் போனில். "அந்த வீட்டுக்குள்ள ஒரு பாட்டில்கூட வரக்கூடாது."