நாணல்கோழியும் முடியாத கூட்டமும்

வெண்புருவ நாணல்கோழி கூட்டம் நடக்கும்போது மட்டும்தான் முட்டையிடும் என்பது அருகிவரும் உயிரினங்கள் மீட்புத் துறைக்குத் தெரியவந்தபோது, உலகத்தில் அந்த இனத்தில் மிஞ்சியிருந்தவை இரண்டே பறவைகள்: ஒரு சேவல், ஒரு பெட்டை. அதுவும் தற்செயலாகத்தான் தெரியவந்தது. அன்று மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் கூடியவர்கள் அந்த இனத்தைக் கைகழுவத்தான் கூடியிருந்தார்கள். இனப்பெருக்க மையத்தில் அந்த ஜோடிக்காகச் செயற்கை மழை பெய்வித்தார்கள், செயற்கை நிலவு ஏற்றினார்கள், வெளிநாட்டிலிருந்து நாணல் இறக்கினார்கள். இரண்டும் விவாகரத்துக் கோர்ட்டு வராந்தாவில் காத்திருக்கும் தம்பதி மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தன. கடைசியில் பறவை ஆய்வாளர் இரண்டையும் டேபிள் ஃபேன் வந்த அட்டைப்பெட்டியில் போட்டுத் தூக்கிவந்து மேஜையின் நடுவில் வைத்தார். "கைகழுவறதுக்கு முன்னாடி அதுங்க மூஞ்சியையாவது ஒரு தடவை பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

கூட்டத்துக்குத் தலைமை துறையின் இயக்குநர். அவர் ஏற்கெனவே மூன்று இனங்களை வழியனுப்பியவர். ஒரு தவளை, ஒரு நத்தை, காது மட்டும் பெரிதாக இருந்த ஒரு எலி. ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்ட அன்று வீட்டுக்குப் போனால் அவருக்குத் தொண்டைக்குக் கீழே சோறு இறங்காது. பல் மருத்துவரான அவர் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எலிக்காக நீ பட்டினி கிடந்தா எலி திரும்பி வருமா?" என்று தட்டை அவர் பக்கம் நகர்த்திவைப்பார். நாலாவதாக ஒன்றையும் அனுப்பிவிட்டு அந்த வீட்டுப் படியேறத் தன்னால் முடியாது என்று இயக்குநருக்கு அன்று காலையிலேயே தெரிந்திருந்தது. அதனால் பறவை விஷயத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு, முதலில் வாகன நிறுத்துமிடத்தைப் பற்றிப் பேசத் துணை இயக்குநருக்கு அனுமதி கொடுத்தார். துணை இயக்குநரை அலுவலகத்தில் எல்லோரும் 'அடுத்தவாரம்' என்றுதான் சொல்வார்கள். எதைக் கேட்டாலும் அவர் சொல்கிற பதில் அது.

அடுத்தவாரம் எழுந்து, நிறுத்துமிடத்துக்கு நிழல் வேண்டுமா வேண்டாமா என்பதை இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்காமல் பேச ஆரம்பித்தார். பேச்சு சூடு பிடித்ததும் பெட்டை அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்தது. நிகழ்ச்சி நிரலைக் கிழித்து, கிழித்ததை வட்டமாக மிதித்து, தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரும் பார்த்திருக்க, சாம்பல் நிறத்தில் ஒரு முட்டை போட்டது. ஆய்வாளர் வாயைப் பொத்திக்கொண்டார். பூரித்துப்போன இயக்குநர், "ஆக, இத்துடன் கூட்டத்தை…" என்று ஆரம்பித்ததும், பெட்டை தன் பஸ் வந்துவிட்ட பயணி மாதிரி முட்டையைவிட்டு எழுந்து நின்றது. அந்தப் பறவைக்கு வெள்ளைப் புருவம். அதனால் எப்போதும் எதையோ நம்பாத முகம். அந்த முகத்தோடு அது இயக்குநரைப் பார்த்தது. என்ன தோன்றியதோ, இயக்குநர், "இன்னொரு விஷயம்" என்றார். பெட்டை திரும்ப உட்கார்ந்தது.

அந்தக் கூட்டம் அதற்குப் பிறகு முடியவில்லை.

பறவையின் நிபந்தனைகளைத் துறை ஒவ்வொன்றாக அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டது. ஒலிப்பதிவைப் போட்டு ஏமாற்றப் பார்த்தார்கள்; பெட்டை ஒலிபெருக்கியைக் கொத்திவிட்டது. தலைமைக்கு வேறு ஆளை உட்காரவைத்தால் எழுந்துவிட்டது. இயக்குநரின் குரல்தான் அதற்கு வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது இரண்டாவது முட்டையோடு தெரியவந்தது. ஒரு மதியம் வெக்கை தாங்காமல், மின்விசிறியை ஒரு சுற்று கூட்டிவைக்கலாம் என்று எல்லோரும் கையைத் தூக்கி ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டார்கள். அரசு அலுவலகத்தில் ஏகமனது என்பதே ஒரு அதிசயம். அந்த மகிழ்ச்சியில் யாரும் மேஜையைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது பெட்டை தள்ளிப்போய் நின்றிருந்தது. முட்டை கூழாங்கல் மாதிரி குளிர்ந்துபோயிருந்தது. இயக்குநர் அதைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, குரல் உடையாமல், மின்விசிறி குறித்த தீர்மானத்தை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டார். அன்று முதல் அந்த அறையில் எந்த முடிவும் எடுக்கப்படவில்லை. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த முதல் முட்டை மட்டும் பொரிந்தது. குஞ்சு, பாதிக் கூட்டம் ஆன பிறகு வந்துசேர்ந்த ஆள் மாதிரி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் காலியாக இருந்த நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தது.

முடிவெடுக்காமல் பேசுவதில் அடுத்தவாரத்துக்கு இணை கிடையாது. இருபத்தைந்து வருஷம் எல்லோரிடமும் ஏச்சு வாங்கிய அந்தக் கலைக்கு இப்போது மரியாதை வந்தது. அவர் பேச எழுந்தால் பெட்டை கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றைத் தளர்த்தும். ஊழியர்கள் முறை வைத்து வந்து பேசினார்கள், முறை வைத்துத் தூங்கினார்கள். முறை இல்லாதவர் இயக்குநர் மட்டும்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டார். தூக்கத்திலும் தேவைப்படும் இடத்தில் "இன்னொரு விஷயம்" என்று சொல்லிவிடுவார். வருஷங்கள் போயின. குஞ்சுகள் வளர்ந்து, ஜோடி சேர்ந்து, அலமாரித் தட்டுகளிலும் பிரிண்டர் மேலும் கூடு கட்டின. மூன்றாவது வருஷம் தரைவிரிப்பில் நாணல் முளைத்தது. அதற்கடுத்த மாதம் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. குழாய்ப் பொறியாளர் வந்து எல்லாக் குழாயும் காய்ந்துதான் கிடக்கிறது என்று காட்டிவிட்டு, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, ஏரித் தண்ணீர் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் மாடி நிலவரி அலுவலகத்தில் கொஞ்சநாள் கத்தினார்கள், பிறகு ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொண்டார்கள். மழைக்காலத்தில் மீன் விலை ஏறியபோது அவர்கள் தங்கள் கூரையிலிருந்து விழுவதையே வீட்டுக்குக் கொண்டுபோனதாகவும் சொல்வார்கள்.

பல் மருத்துவர் தினமும் மதியம் கேரியரோடு வந்து, பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, சிறப்பு அழைப்பாளராக உட்கார்ந்தார். "நாள் முழுக்க வாயைத் திறந்து வெச்சிருக்கிற இத்தனை பேரை நான் எங்கயும் பாத்ததில்ல. என் கிளினிக்கையே இங்க மாத்திடலாம் போல" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், இயக்குநரைத் தவிர. ஏனென்றால் கணவரோடு மகளும் வந்திருப்பாள். கூட்டம் ஆரம்பித்தபோது அவளுக்கு முன்பல் இரண்டு விழுந்திருந்தது. அம்மாவோடு பேச வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"தலைவர் அனுமதியோட ஒண்ணு கேக்கணும்" என்றாள் அவள், முதல் தடவை. பல் போன இடத்தில் காற்று வந்தது.

"உறுப்பினர் கேக்கலாம்."

"அம்மா எப்ப வீட்டுக்கு வருவா?"

மேஜைமேல் பெட்டை தலையைத் தூக்கியது. அதற்குக் கீழே அப்போது மூன்று முட்டைகள் இருந்தன, உலகத்தில் அந்த இனத்துக்கு இருந்த மொத்த முட்டையும் அவ்வளவுதான். இயக்குநர் மகளைப் பார்த்தார், பெட்டையைப் பார்த்தார். ஒரு தேதி சொன்னால் அது முடிவு. வரமாட்டேன் என்றாலும் முடிவு.

"இதை அடுத்த வாரம் எடுத்துக்கலாமே" என்றார் அடுத்தவாரம், மெதுவாக.

"நீங்க சும்மா இருங்க மாமா" என்றாள் சிறுமி.

ஆனாலும் அது அப்படித்தான் ஆனது. 'தலைவர் வீடு திரும்புதல்' என்பது பொருளாகச் சேர்க்கப்பட்டு, ஒவ்வொரு வாரமும் எடுக்கப்பட்டு, ஒவ்வொரு வாரமும் ஒத்திவைக்கப்பட்டது. சிறுமிக்குப் பல் முளைத்தது. அப்பா அவளுக்குக் கம்பி மாட்டினார், கழற்றினார். வீட்டுப்பாடத்தை மேஜைக்கடியில் நாணல்களுக்கு நடுவே செய்தாள். அவளுடைய கணக்கு நோட்டைக் கிழித்து இரண்டு தலைமுறை கூடு கட்டியது. பள்ளியில், "உங்கம்மா எங்க?" என்று கேட்டால், "மீட்டிங்ல" என்பாள், எல்லாப் பிள்ளைகளும் சொல்வது மாதிரியே. அவள் அம்மாவைவிட உயரமான வருஷம், கையைத் தூக்கி வழக்கமான கேள்வியைக் கேட்காமல், "அம்மா, நான் வளந்துட்டேன், நீங்க பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு முடிவு எதுவும் தேவைப்படவில்லை. "பாத்தேன்டி" என்றார் இயக்குநர். அன்றைக்கு அவர் நெடுநேரம் எந்த விஷயத்தையும் எடுக்கவில்லை, பெட்டைகள் இரண்டு மூன்று எழுந்தே விட்டன.

அப்போது பறவைகள் நூறைத் தாண்டியிருந்தன. செய்தி அமைச்சர் காதுக்குப் போனது. இனம் மீட்கப்பட்டுவிட்டது என்று தீர்மானம் போட்டு, கூட்டத்தைத் தானே முடித்துவைத்து, கேமரா முன்னால் ஒரு பறவையைக் கையிலிருந்து பறக்கவிடுவது என்று அவர் நாள் குறித்தார். காலணி நனையக்கூடாது என்று ஒரு சின்னப் படகையும் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாணலை விலக்கிக்கொண்டு படகு மேஜையருகே வந்தபோது அறையில் அறுபது கூடுகள், எல்லாவற்றிலும் முட்டை. ஆய்வாளரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"ஏழு வருஷமா ஒரு மீட்டிங்கா? கேக்கறவன் சிரிப்பான். தீர்மானத்தைப் படிங்கம்மா, கையைத் தூக்கறோம், கிளம்பறோம்" என்றார் அமைச்சர்.

"தூக்கினா எல்லா முட்டையும் போயிடும் சார்" என்றார் இயக்குநர்.

"முட்டை போனா என்ன, கோழிதான் இருக்கே."

அவருடைய ஆட்கள் கையைத் தூக்க ஆரம்பித்திருந்தார்கள். பெட்டைகள் எழத் தொடங்கின; அறை முழுக்க இறகுகள் உரசும் சத்தம். அப்போது நாணலுக்குப் பின்னாலிருந்து மகள் கையைத் தூக்கினாள். "தலைவர் அவர்களே, ஒழுங்குப் பிரச்னை. இதைவிடப் பழைய பொருள் ஒண்ணு நிலுவையில இருக்கு. அதை எடுத்த பிறகுதான் புதுசை எடுக்கணும்."

"ஆமா, அதுதான் விதி" என்றார் அடுத்தவாரம். தன் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு உடனடியாக அவர் சொன்னதில்லை.

அமைச்சர் எரிச்சலோடு, "அது என்ன பொருள், சீக்கிரம் முடிங்க" என்றார். எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றினார். எழுந்து நிற்பதற்காக அல்ல என்று பிறகு அவர் சொன்னார். கால் மரத்திருந்தது, உதறலாம் என்றுதான். ஆனால் ஏழு வருஷத்தில் முதல்தடவையாக நாற்காலி காலியானது. மேஜைமேல் உட்கார்ந்திருந்த பழைய பெட்டை, அந்த அட்டைப்பெட்டியில் வந்த அதே பெட்டை, தன் முட்டைகளை ஆய்வாளர் பக்கமாகத் தள்ளிவிட்டு, நாற்காலிக்குத் தாவி, வெப்பம் ஆறாத இருக்கையில் அமர்ந்து, தொண்டைக்குள்ளிருந்து ஒரு நீளமான முனகலை வெளியிட்டது. சொல் புரியவில்லை. ஆனால் இழுப்பும் நிறுத்தமும் அப்படியே 'இன்னொரு விஷயம்'. அறுபது பெட்டைகளும் உட்கார்ந்தன.

ஆய்வாளர் அந்த முட்டைகளைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். இயக்குநர் நின்றுகொண்டே இருந்தார். கூட்டம் முடியவில்லை. யாரும் எதையும் தீர்மானிக்கவில்லை. அவர் தண்ணீரில் ஒரு அடி எடுத்துவைத்தார், ஒரு பறவையும் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டுபேரும் கதவுவரை நடந்து, படியிறங்கி, பூட்ஸ் போட்ட நிலவரிக்காரர்களைத் தாண்டி, தெருவுக்கு வந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். அமைச்சர் பேசுவதற்கு அனுமதி கேட்டுக் கையைத் தூக்கினார். தலைமை அனுமதி தரவில்லை. தலைமையின் அனுமதி இல்லாமல் வெளியேறுவதும் மரபில்லை என்பதால் அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவருடைய கோப்புகளைப் படகில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், அமைச்சகம் முன்னைவிட மோசமாக நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டில் பல் மருத்துவர், "ராத்திரிக்கு என்ன சமைக்கலாம்?" என்று கேட்டபோது, இயக்குநர் பழக்கதோஷத்தில் இரண்டு பக்கத்து நியாயத்தையும் கொஞ்சநேரம் எடுத்துச் சொன்னார். பிறகு நிறுத்தி, "உருளைக்கிழங்கு" என்றார். ஏழு வருஷத்தில் அவர் எடுத்த முதல் முடிவு அது. அன்று இரண்டு தட்டு சாப்பிட்டார். மகள் எதிரில் உட்கார்ந்து, கையைத் தூக்காமல், வாய் ஓயாமல் பேசினாள்.

நாணல்கோழிகளைத் தனியாக எங்கும் கொண்டுபோய் விடவேண்டிய தேவை ஏற்படவில்லை. மூன்றாம் மாடி நிறைந்ததும் அவை தாமாகவே ஜன்னல் வழியே கிளம்பின. முதலில் நகராட்சி மன்றத்தில் ஒரு ஜோடி தென்பட்டது, பிறகு கூட்டுறவு வங்கியில், பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவில், எல்லைத் தகராறு குறித்து இரண்டு நாடுகள் நாற்பது வருஷமாக நடத்திவரும் பேச்சுவார்த்தையில். இவ்வளவு பரந்த வாழிடம் வேறு எந்தப் பறவைக்கும் இல்லை என்று ஆய்வாளர் ஒரு மாநாட்டில் பேசினார். அங்கேயே ஏழு முட்டை விழுந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இயக்குநரின் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டிக்கு நீல வண்ணமா வெள்ளை வண்ணமா என்று சங்கக் கூட்டம் போட்டார்கள். இயக்குநர் கணவரோடும் மகளோடும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சங்கச் செயலாளர் பேச ஆரம்பித்துக் கொஞ்சநேரத்தில் வெள்ளைப் புருவத்தோடு சாம்பல் நிறப் பறவை ஒன்று நடந்துவந்து, வரிசைகளுக்கு நடுவே இடம் பார்த்து, உட்கார்ந்தது. மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இயக்குநர் கையைத் தூக்கவில்லை. செயலாளர் பேச்சை நிறுத்தாமலேயே தோளிலிருந்த துண்டை எடுத்து, நாலாக மடித்து, குனிந்து அதன் அடியில் வைத்துவிட்டு, வெள்ளையிலும் சில சௌகரியங்கள் இருப்பதாகச் சொல்லத் தொடங்கினார்.