அத்தையின் ஆட்டுக்கு ஒரு மணி

ஓக்போமோஷோ ஊரில் மொரெனிக்கேயின் கைமணி என்றால் தெருவே நடுங்கும். விடியற்காலை ஐந்துக்கு அவள் அதை எடுத்து ஆட்டினால், அவளுடைய மூன்று பிள்ளைகளும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடத்தில் வந்து விழும். பாட்டு, வேத வாசிப்பு, ஆளுக்கொரு மனப்பாட வசனம், பிறகு ஜெபம். ஜெபம் நீண்டால் நடுவே குறட்டையும் உண்டு. "ஆண்டவரே, இந்த வீட்டை ஆசீர்வதியும், கோலாடே, தூங்காதே, எங்கள் பாவங்களை மன்னியும்" என்று ஒரே மூச்சில் ஜெபித்துக்கொண்டு போவாள்.

ஒருநாள் நடுப்பிள்ளை கோலாடே மணியை எடுத்து விளையாடி, நல்ல மத்தியானத்தில் தெருவையே எழுப்பிவிட்டான். "இனிமே என்னைத் தவிர யாராவது இதைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்!" என்று அன்றைக்கே சட்டம் போட்டாள்.

குடல்வால் அறுவை முடிந்து வீடு திரும்பி அவள் படுக்கையில் கிடந்தபோது, பார்த்துக்கொள்ள வந்தவள் நாத்தனார் போஸெடே. நல்ல வேலைக்காரி. வாய்தான் சும்மா இருக்காது.

"அஞ்சு வருஷமா மணியடிக்கிறே, என்னத்தைக் கண்டே? உன் பிள்ளைங்க பாயில தூங்குறதைக் கூடத்துல வந்து தூங்குதுங்க. நீ எழுப்பாம விடு, ஒண்ணாவது தானா எழுந்து ஜெபம் பண்ணுதான்னு பாப்போம்."

மொரெனிக்கேக்குச் சுருக்கென்றது. "ஏழு நாள் பாருங்க அண்ணி! ஒண்ணுகூட எழுந்திரிக்கலன்னா அந்த மணியை உங்க ஆட்டுக் கழுத்துல கட்டிக்கோங்க. இந்த வீட்டுல காலை ஜெபமும் அதோட சரி!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கணவன் அடெயின்கா மெல்ல வெளியே நழுவினான்.

முதல் நாள் ஐந்து மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். மணிச் சத்தம் இல்லை, கூடத்தில் காலடி இல்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்று, நான்கு, ஐந்து என்று நாள் போனது. "என் ஆடு கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குது" என்றபடியே போஸெடே கூழ் கொண்டுவந்து வைத்தாள். ஆறாம் நாள் அந்தக் கூழைத் தொடாமலே தள்ளி வைத்தாள். பாவி, நான் பிள்ளைகளுக்கு மணியைத்தான் பழக்கினேனா, ஆண்டவரைப் பழக்கவே இல்லையா என்று சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதாள்.

ஏழாம் நாள் ஊருக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க போஸெடே இருட்டோடு எழுந்தாள். ஞாபகமாக மணியை எடுத்துக்கொண்டு, முகம் கழுவக் கொல்லைக் கதவைத் திறந்தாள்.

"அடியாத்தே!"

மொரெனிக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து வந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்று பிள்ளைகளும் முழங்காலில் நின்றன. அவர்களோடு அடெயின்காவும்! ஐந்து வயது மோயோ, கண்ணை இறுக்கி மூடி, அம்மாவின் குரலிலேயே கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவரே, அம்மா வயித்துத் தையலை ஆற வையும், கோலாடே, தூங்காதே, அத்தை ஆட்டுக்கு வேற ஒரு மணி தாரும், எங்க மணி வேண்டாம், ஆமென்."

கோலாடே நன்றாக விழித்துத்தான் இருந்தான். அந்த வரி இல்லாவிட்டால் ஜெபம் செல்லாது என்று மோயோவுக்கு எண்ணம்.

"எத்தனை நாளா இது?" என்று கேட்டாள் மொரெனிக்கே.

"முதல் நாள்லேர்ந்து" என்றாள் மூத்தவள் இரேத்தி. "உங்க தூக்கம் கெட்டுடும்னு இங்க வந்துட்டோம்."

"மணியடிச்சிருக்கக் கூடாதாடி?"

"நீங்கதானேம்மா கையை ஒடிப்பேன்னீங்க!"

அடெயின்கா தலையைச் சொறிந்தான். "எனக்கே மூணாம் நாள்தான் தெரியும். நான் சொன்னா, நீதான் சொல்லிக் குடுத்தேன்னு அக்கா அடிச்சுப் பேசும். அதான், தன் கண்ணாலயே பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

மொரெனிக்கேக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சிரித்தால் தையல் வலித்தது. வலித்தால் வலிக்கட்டும் என்று சிரித்தாள்.

"அண்ணி, மணி உங்க கையிலதானே இருக்கு? நீங்களே அடிங்க."

போஸெடே மணியைத் தலைக்கு மேல் தூக்கினாள். பிறகு அடித்தாள் பாருங்கள்! பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "மொரெனிக்கே எழுந்துட்டாடோய்!" என்று யாரோ கத்தினார்கள்.

மோயோ அத்தையின் துணியைப் பிடித்து இழுத்து முழங்காலில் நிற்க வைத்தாள்.

"கண்ணை மூடுங்க அத்தை. ஆனா தூங்கக் கூடாது."

அன்றைக்கு முதல் பஸ் போஸெடே இல்லாமலே போனது.