பயிற்சிக்குப் போகிறவள்

ஸ்டெபிக்குச் சென்னைப் பயிற்சி கிடைத்துவிட்டது என்று தேவபிரசாதம் சார் சொன்னதும் விஜிலா சிரித்தாள். கன்னம் வலிக்கிற அளவுக்குச் சிரித்துவிட்டு, நேரே பின்பக்கம் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ஸ்டெபியை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள்.

தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன அருங்காட்சியகம் அது. முத்துக்குளித்த காலத்துச் சாமான்களும் தோணிச் சாமான்களும் வைத்து ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. துறைமுக அலுவலகத்தில் ஓய்வு பெற்ற தேவபிரசாதம் சார்தான் செயலாளர். வேலைக்கு இரண்டே பெண்கள். புன்னைக்காயல்காரி விஜிலா, கதவு திறந்த நாளிலிருந்து இருக்கிறவள். டிக்கெட் கிழிப்பதும் கண்ணாடி துடைப்பதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதும் அவள்தான். ஸ்டெபி வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு வந்தவள். வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

இந்த மாதிரிச் சின்ன இடங்களில் வேலை பார்க்கிறவர்களைப் படிக்க அனுப்புவதற்கென்றே சென்னையில் ஒரு அறக்கட்டளை நிதி கொடுக்கிறது. பழம்பொருட்களைக் கெடாமல் காப்பது எப்படி என்று ஒரு மாதம் சொல்லித் தருவார்கள். போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் ஒரு அருங்காட்சியகத்துக்கு ஒரு ஆள்தான். அந்த ஒரு ஆளாகச் சார் ஸ்டெபியின் பெயரை அனுப்பிவிட்டார்.

"நானும் இங்கனதான சார் இருக்கேன்?" என்று விஜிலா கேட்டுப் பார்த்தாள்.

"ஒனக்கு எதுக்கும்மா ட்ரெய்னிங்? ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

புகழ்ந்துகொண்டே கதவைச் சாத்துகிற மனுஷன். அதற்கு மேல் என்ன கேட்பது?

பிளஸ் டூ முடித்த கையோடு விஜிலாவைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அவளை உட்காரவைத்து எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. நோட்டும் பேனாவுமாக ஒரு வகுப்பில் போய் உட்கார வேண்டும், புரியாத இடத்தில் கை தூக்கிச் சந்தேகம் கேட்க வேண்டும். இவ்வளவுதான் அவள் ஆசை. ஏற்கெனவே வயிறு முட்டச் சாப்பிட்டவளுக்கே இன்னொரு இலை போடுகிறார்களே என்றுதான் அவளுக்கு எரிந்தது. பொறாமை என்று சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவாள். நியாயத்தைக் கேட்கிறேன் என்பாள்.

ஸ்டெபி மக்ரூன் வாங்கிக்கொண்டு வந்து நீட்டினாள். "எனக்குச் சுகருளா, வேண்டாம்" என்றாள் விஜிலா. சுகரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஸ்டெபி அந்தப் பக்கம் போனதும் பாதிப் பொட்டலத்தைக் காலி செய்தாள். அதுவும் நல்ல மக்ரூனாக இருந்தது என்பதில் இன்னும் கடுப்பு.

அப்புறம்தான் ஒரு சேதி வந்தது. அறக்கட்டளையிலிருந்து பிரேமா மேடம் என்று ஒரு அம்மா நேரில் வந்து இடத்தையும் ஆட்களையும் பார்ப்பாராம். கடைசி முடிவு அவர் கையில்தானாம். விஜிலாவுக்கு உயிர் வந்தது. வருகிற அம்மா ஒரு நிமிஷம் தன் வேலையைப் பார்த்தால் போதும், யார் வேலைக்காரி, யார் வெறும் வாய்க்காரி என்று தெரிந்துவிடும் என்று நினைத்தாள்.

கூடத்தின் நடுவில் வெண்கல மணி ஒன்று இருந்தது. எப்போதோ முழுகிப்போன தோணியின் மணி. கடலுக்கடியில் கிடந்து, சிப்பியும், தோணி அடியில் ஒட்டுகிற கொட்டலசும் அப்பி, பச்சை பூத்து, பார்க்க அசிங்கமாக இருக்கும். மேடம் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், எல்லோரும் போன பிறகு விஜிலா அதைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனாள்.

அவள் ஊரில் கொடியேற்றத்துக்கு முன்னால் மாதா கோயில் பித்தளைச் சாமான்களைத் தேய்ப்பது பெண்கள் முறை. குத்துவிளக்கும் மெழுகுவர்த்தித் தண்டும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து, பீடத்தில் ஏற்றுகிறபோது முகம் தெரிய வேண்டும். யார் தேய்த்தது பளபளக்கிறது என்று ஊரே பேசும். பேர் வாங்குகிறவர்களில் விஜிலாவும் ஒருத்தி. அந்தக் கையோடுதான் மணியிலும் இறங்கினாள். சிப்பியையெல்லாம் கத்தியால் சுரண்டி எறிந்தாள். தோள் இற்றுப்போகத் தேய்த்தாள். கடைசியில் கழுவி நிமிர்த்தியபோது மணி தங்கமாக மின்னியது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் முதலில் பார்த்தது ஸ்டெபி. முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா... இத நீங்களா..."

"பின்ன, நீயா?" என்றாள் விஜிலா. எரியட்டும், இத்தனை நாள் எனக்கு எரிந்ததில் பாதியாவது இவளுக்கு எரியட்டும் என்று உள்ளுக்குள் குளிர்ந்தாள். ஸ்டெபி மேலே பேசுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

பிரேமா மேடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்து, மணிக்கு முன்னால் நின்றார். நின்றவர் நகரவே இல்லை. பிறகு கேட்டார்: "இதைச் சுத்தம் பண்ணினது யாரு?"

ஸ்டெபி முன்னால் வந்தாள். "நாங்கதான் மேடம்."

நாங்க! விஜிலாவுக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றிக்கொண்டு வந்தது. இடத்தைப் பிடுங்கியது போதாதென்று இதிலும் பங்குக்கு வருகிறாளா?

"நாங்க இல்ல மேடம், நான்! நான் ஒருத்திதான்!" என்று கூடம் அதிரச் சொன்னாள். "இவ கைகூட படல. வேணும்னா கேட்டுப் பாருங்க!"

மேடம் கோபப்படவில்லை. பிள்ளைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அந்தப் பச்சைதான் மணிக்குத் தோலாக இருந்ததாம். அந்தச் சிப்பிகளை வைத்துத்தான் மணி கடலில் எங்கே, எவ்வளவு காலம் கிடந்தது என்று கண்டுபிடிக்க முடியுமாம். இனி முடியாதாம். புளிக்கரைசல் உலோகத்தையும் கொஞ்சம் தின்றிருக்குமாம்.

எதற்காக ஸ்டெபி 'நாங்க' என்றாள் என்பது அப்போதுதான் விஜிலாவுக்கு உறைத்தது. தரை பிளந்து தன்னை விழுங்காதா என்று நின்றாள்.

தேவபிரசாதம் சார் தலையில் அடித்துக்கொண்டார். "இவளுக்கு ஒரு எழவும் தெரியாது மேடம். அதாம் ஸ்டெபி பேரக் கொடுத்தோம். அவ வெவரமான புள்ள."

"விவரமான பொண்ணை எதுக்கு சார் அனுப்பறீங்க?" என்றார் மேடம். "இத்தனை வருஷமா இவங்க கையிலதான் எல்லாப் பொருளும் இருக்கு. இவங்களுக்கு யாரும் ஒண்ணுமே சொல்லித் தரலை. தப்பு இவங்க மேல இல்லை. இந்த நிதி இவங்களுக்குத்தான். முதல்ல இவங்க வரட்டும்."

அப்படியானால் ஸ்டெபிக்கு எப்போது என்று சார் கேட்கவும் இல்லை, மேடம் சொல்லவும் இல்லை.

கார் போன பிறகு ஸ்டெபி பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. விஜிலா என்ன பேசுவதென்று தெரியாமல் துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"முன்னமே தெரிஞ்சிருந்தா நானும் எதையாவது தேச்சு வச்சிருப்பேன்க்கா" என்றாள் ஸ்டெபி. சொல்லிவிட்டு விஜிலாவைப் பார்த்தாள். அதுவரை அந்தப் பெண்ணிடம் யாரும் பார்த்திராத பார்வை. உள்ளே கொதிப்பதை மறைக்கத் தெரியாத பார்வை.

விஜிலாவுக்கு அதைப் புரிந்துகொள்ள யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன்னைப் பார்த்து ஒருத்தி வயிறெரிவது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அவமானம் ஒரு பக்கம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனாலும் அது இனித்தது. காப்பாற்ற வந்த பிள்ளை, பாவம், நீயே போளா என்று சொல்லிவிட்டால் என்ன? சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் அதை விழுங்கிவிட்டாள்.

"ஏளா" என்றாள், "முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட்டு போன்லயே போடலாமாம்லா? எனக்கு ஒண்ணு போட்டுத் தாயேன். கீழ் பெர்த்தா பாத்துப் போடு."