ஏழாம் பாடமும் பலகைப் பாலமும்

எல்லோரும் சௌக்கியமா? மூட்டுவலிக்காரர்கள் வெந்நீர் ஒத்தடத்தை விடாமல் கொடுக்கிறீர்களா? இருமல் இருந்தால் பேரிக்காயைக் கற்கண்டு போட்டு வேகவைத்துச் சாப்பிடுங்கள். வடமேற்குச் சீனாவில் எங்கள் வூவெய் ஊரில் அதுதான் முதல் மருந்து. எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்று காலை ஜன்னல் விளிம்பில் மணல் படிந்திருந்தது. துடைக்கத் துணியை எடுத்தேன், என் பழைய மாணவி யென்லிங் நினைவு வந்துவிட்டது. துணியைப் போட்டுவிட்டு இங்கே எழுத வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் இங்கே ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். விடிந்ததும் பிள்ளைகள் புத்தகமும் கையுமாகக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் நெட்டை மரங்களுக்குப் போய்விடுவார்கள். ஆளுக்கொரு மரம். பக்கத்தில் நிற்பவர் சத்தம் கேட்காமலிருக்க ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மரத்தைப் பார்த்து, பாடத்தைத் தொண்டை கிழியப் படிப்பார்கள். நெட்டுருவாகும் வரை விடமாட்டார்கள். தூரத்தில் இருந்து கேட்டால் தேன்கூட்டைக் கலைத்தது மாதிரி இருக்கும்.

கோவ் யென்லிங் மின்சின் பக்கத்துப் பெண். பாலைவனத்தை ஒட்டிய ஊர். மரத்தின் முன்னால் அவள் குரல் கணீரென்று வரும். வகுப்பில் எழுப்பி, "உனக்குப் பிடித்த பருவம் எது?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் போச்சு. காது இரண்டும் சிவந்து, மணி அடிக்கும் வரை நிற்பாள்.

வகுப்புத் தலைவன் பெயர் தான் பெங். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "யென்லிங், உன் மரம் இன்னைக்காவது பதில் சொல்லிச்சா?"

"சொல்லிச்சு. உன்னை விட அதுக்கு உச்சரிப்பு நல்லா வருதாம்" என்பாள். சொந்த பாஷையில் அப்படி வெட்டிப் பேசுகிற பெண்!

ஒருநாள் நான் கேட்டே விட்டேன். "ஏன்டி, எழுத்துல நீதான் முதல். வாய் மட்டும் ஏன் பூட்டிக்குது?"

"பாடத்துல இருக்கறது தப்பில்லாதது டீச்சர். என் சொந்த வாக்கியம் தப்பா வெளிய போயிட்டா? திரும்பப் பிடிச்சு உள்ள போட முடியாதே."

வாய்மொழித் தேர்வில் தேறினால்தான் ஆங்கில ஆசிரியை ஆகலாம். அவள் ஊர்ப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தர ஆளே கிடையாது. அங்கே போவதற்காகவே படிக்க வந்தவள். தேர்வை நினைத்து எனக்கே சோறு இறங்கவில்லை.

வசந்தம் பிறந்த ஏப்ரல் மாதம், மாகாணத் தலைநகர் லான்ஜோவிலிருந்து சீ மேடம் தேர்வு நடத்த வந்தார். சிரிக்கத் தெரியாத முகம். முறை வரும் வரை பிள்ளைகளெல்லாம் வழக்கம் போல மரங்களிடம் போய்க் கடைசிமுறையாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் முதல் பெயர் யென்லிங். வராந்தாவில் வெந்நீர்க் குடுவையை இறுகப் பிடித்தபடி நின்றவள், திடீரென்று மேற்கே பார்த்தாள்.

"டீச்சர், அங்க பாருங்க."

வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் ஒரு பழுப்புச் சுவர் நடந்து வந்துகொண்டிருந்தது. மணல்காற்று எனக்குப் புதிதா என்ன? ஆனால் அன்று வந்ததைப் போல நான் பார்த்ததில்லை. பகல் மஞ்சளாகி, சிவப்பாகி, கறுத்தே போய்விட்டது. நீட்டிய என் கை எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கம் பிள்ளைகள். நடுவே கால்வாய். மலைப்பனி உருகி இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது. அதன் மேல் கைப்பிடி இல்லாத ஒரு பலகைப் பாலம். பிள்ளைகள் பயந்துபோய்க் கட்டடம் எங்கே என்று கண்மூடித்தனமாக ஓடிவந்தால்?

"தான் பெங்! இங்க வாங்கடா!" என்று கத்தினேன். காற்று அதை எங்கோ கொண்டுபோய் வீசியது.

யென்லிங் என் தோளைப் பிடித்தாள். "விட்டு விட்டுக் கத்தினா திசை தெரியாது டீச்சர். எங்க அம்மா ஆட்டு மந்தையை இப்படித்தான் கூப்பிடுவாங்க, மூச்சு விடாம. நிறுத்தாம சத்தம் வரணும். என் இடுப்புப் பட்டியைப் பிடிச்சுக்குங்க."

கல்லூரிச் சுவரைத் தடவித் தடவிப் பாலத்தின் முனைக்குப் போனோம். என் மேலங்கியைப் பிடித்துக்கொண்டு சீ மேடமும் வந்திருக்கிறார். எனக்கு அப்புறம்தான் தெரியும்.

நிறுத்தாமல் சொல்ல அந்தப் பெண்ணிடம் என்ன இருந்தது? மரத்திடம் நெட்டுருப் போட்ட ஏழாம் பாடம் இருந்தது. கணீரென்று ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

"திருவாளர் பிரவுன் ரயிலில் தன் குடையை விட்டுவிட்டார். குடை கறுப்பு நிறமானது."

மழையே பெய்யாத எங்கள் ஊருக்கு ஒரு குடைப் பாடம்! அதைக் கேலி செய்யாத நாளில்லை. அன்று அந்தக் கும்மிருட்டுக்குள்ளிருந்து, தொலைவில், தான் பெங்கின் குரல் வந்தது. "அதன் கைப்பிடி மரத்தாலானது."

என் உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்போது இதைத் தட்டச்சு செய்யும்போதும் சிலிர்க்கிறது.

இவள் அடுத்த வாக்கியம் சொன்னாள். இருட்டு அதற்கடுத்ததைச் சொன்னது. முதலில் ஒரு குரல், பிறகு நான்கைந்து, பிறகு வகுப்பு முழுவதும். முகமே இல்லாத குரல்கள், மணலுக்குள் நடந்து, வாக்கியம் வாக்கியமாக நெருங்கி வந்தன. கோயில்களில் எத்தனையோ ஓதுதல் கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்றை நான் கேட்டதேயில்லை.

திடீரென்று ஒரு மாணவியின் குரல் மட்டும் விலகியது. தண்ணீர் இரைகிற பக்கமாக.

யென்லிங் பிரவுனைப் பாதியில் விட்டாள். "நில்லு! மா ஷுயுன், நீதானே? அசையாதே! உன் இடது பக்கம் தண்ணி! தான் பெங், அவ கையைப் பிடி! எல்லாரும் உக்காருங்க, பலகையில தவழ்ந்து வாங்க, என் குரலுக்கு நேரா வாங்க!"

அத்தனையும் ஆங்கிலம். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. அவளுக்கே தெரியாமல் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவராகத் தவழ்ந்து வந்து அவள் காலைத் தொட்டார்கள்.

கதவுகளை இழுத்து அடைத்த வராந்தாவில் எல்லோரும் பல்லெல்லாம் மண்ணாக வெந்நீர் குடித்தோம். சீ மேடம் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கோவ் யென்லிங், உன் தேர்வு முடிஞ்சுது. பாலத்துலயே கேட்டுட்டேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர். அவளோ எழுந்து நின்றாள். காது இரண்டும் சிவப்பு. ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். "அது தேர்வு இல்லை மேடம். எல்லாரையும் கேக்கற மாதிரி என்னையும் கேளுங்க."

சீ மேடம் அவளையே பார்த்தார். பிறகு கேட்டார், "உனக்குப் பிடித்த பருவம் எது?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். நான் அவள் குடுவையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"வசந்த காலம்" என்றாள். வெளியே காற்று ஊளையிட்டது. அதைக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "இன்னைக்குக் காலை வரைக்கும்."

தான் பெங் குடித்த வெந்நீரைத் துப்பிவிட்டான். வராந்தாவே சிரித்தது. சீ மேடமும் சிரித்தார், நம்புவீர்களா?

யென்லிங் இப்போது மின்சினில்தான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். மணல்காற்று வந்தால் மட்டும் எனக்குப் போன் போட்டு, "பிரவுன் குடை கிடைச்சுதா டீச்சர்?" என்பாள்.

கண் தெரியாத நேரத்தில் ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு கரையேறியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். யார் குரல், என்ன சொன்னது? கீழே எழுதுங்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.