கெட்டித் தையல்

முதியோர் இல்லத்திலிருந்து வந்த பட்டியல் ஒன்றரைப் பக்கம் இருந்தது. முன்பக்கம் பித்தான் வைத்த நீளக் கவுன் ஆறு, முழுக்கை உள்சட்டை ஆறு, கம்பளிச் சட்டை மூன்று, தடித்த காலுறை எட்டு ஜோடி, காதை மூடும் குல்லா இரண்டு, மழைக்கோட்டு ஒன்று. வருஷத்தில் எட்டு மாதம் மழை, துணி காய மூன்று நாள் ஆகும், அதனால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம் என்று கீழே ஒரு குறிப்பு. அதற்கும் கீழே, எல்லாத் துணியிலும் உள்பக்கம் 41 என்ற எண்ணைத் துணிப்பட்டையில் எழுதித் தைத்திருக்க வேண்டும், சலவையில் மாறிப்போனால் இல்லம் பொறுப்பல்ல என்று இன்னொரு குறிப்பு. மனுஷி மாறிப்போனால் யார் பொறுப்பு என்று மட்டும் எங்கும் போடவில்லை. அதைக் கேட்கவும் யாருக்கும் வாய் வராது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சின்னவள் அந்தப் பட்டியலைப் பத்து நாளாகக் கைப்பையின் உள்ளறையில் ஒளித்து வைத்திருந்தாள். குடிநீர் வாரிய அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. ஊரில் யார் வீட்டுக் குழாயில் காற்று வந்தாலும் அவள்தான் உறிஞ்சிக் குடித்துவிட்டதுபோல் திட்டுவார்கள். அதெல்லாம் காதுக்குப் பழகிவிட்டது. பழகாதது ஊசிதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நாற்பத்தொன்று நாற்பத்தொன்று என்று பட்டைகளைத் தைத்தாள். விரலெல்லாம் குத்து. தையல் கோணல்மாணலாகக் கோழி கிளறின மாதிரி இருந்தது.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஊசியைத் தொட அவளை விட்டதே இல்லை அக்கா. அப்பா போனபோது பெரியவளுக்குப் பதினேழு வயது, சின்னவளுக்கு ஐந்து. பெரியவள் படிப்பை விட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள், ஐம்பது வருஷம் எழுந்திருக்கவில்லை. தெருவே அவளை டெய்லரக்கா என்றுதான் கூப்பிட்டது. தங்கை ஆசையாக மெஷின் பக்கம் வந்தால், “போடி குட்டி, போய்ப் படி” என்று விரட்டிவிடுவாள். அந்தப் படிப்புதான் புகார்ப் பிரிவில் கொண்டுவந்து உட்கார வைத்தது. இரண்டு பேருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. அவளுக்கு இவள், இவளுக்கு அவள் என்று ஓடிவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன் பெரியவளுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு கிழமை, பிறகு வீட்டுக்கு வரும் வழி. மூன்று தடவை தொலைந்து போனாள். மூன்றாவது தடவை, லாரிகள் பறக்கும் சாலையின் நடுவில், கழுத்தில் அளவுநாடாவோடு நின்றவளை ஒரு போலீஸ்காரர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்ததும் உண்டு. பகலில் கூட இருக்க வந்த பெண்கள் மூன்று பேரும், “என்னால முடியாதும்மா” என்று கையெடுத்துக் கும்பிட்டுப் போய்விட்டார்கள். அக்கா துணியை விரலோடு சேர்த்துத் தைத்துக்கொண்ட அன்று மெஷினின் பெல்ட்டைக் கழற்றி எறிந்தாள் சின்னவள். ஆனால் மறதியும் ஒழுங்காக வருவதில்லை. மின்சாரம் போல வரும், போகும். திடீரென்று எல்லா விளக்கும் எரியும், “ஏண்டி இளைச்சுப் போயிட்ட?” என்று கேட்பாள். அப்போதுதான் சின்னவளுக்குச் செத்துவிடலாம் போல் இருக்கும்.

பணி ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது. தேடாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. இடம் இருக்கிறது என்று சொன்னது அந்த மழை ஊர் இல்லம் ஒன்றுதான். இரவும் பகலும் ஆள் இருப்பார்கள், கதவு பூட்டியிருக்கும் என்றார்கள். ஒருநாள் முழுக்கப் பயணம். சின்னவளின் விடுப்புக்கும் முழங்காலுக்கும் வருஷத்துக்கு ஒருதரம் போய்ப் பார்க்க முடிந்தால் பெரிய காரியம். திரும்பிக் கூட்டி வருகிற பேச்சே இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அக்காவிடம் மட்டும் பத்து நாள் டூர் என்று சொல்லியிருந்தாள். குளிரான ஊர், ஜன்னலைத் திறந்தால் மழை, இரண்டு பேரும் போய் நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டு வரலாம் என்றாள். பெரியவள் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சின்னவள் துணி அடுக்கினாள். ஈரக்காற்று ஏறாமல் இருக்க ஒவ்வொரு செட்டையும் பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி, காற்றை அமுக்கி, வாயைக் கட்டினாள். கம்பளியைத் தலையணை உறைக்குள் போட்டாள். பெரியவள் உதவிக்கு வந்தாள். உதவி என்றால், இவள் கட்டுவதை அவள் பிரித்தாள். நாலு பை கட்டினால் மூன்று பை பிரிந்து கிடந்தது. வேறு நாளாக இருந்தால் சின்னவள் பொரிந்து தள்ளியிருப்பாள். அன்று எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று இருந்தது.

பெரியவள் கம்பளிச் சட்டைகளை எடுத்து எண்ணினாள். மூன்றையும் தன் மார்பில் வைத்து அளவு பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் குனிந்து எதையோ தேடினாள்.

“எல்லாம் என் சைஸா இருக்கு. உனக்கு ஸ்வெட்டர் எங்கடி?”

பத்து நாள் மூளையைக் கசக்கிப் பொய் சொன்ன சின்னவளுக்கு, தனக்கும் ஒன்று வாங்கி வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தன்னுடையது அலுவலகத்தில் இருக்கிறது, காலையில் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பெரியவள் நம்பவில்லை. சின்ன வயதிலிருந்தே உனக்குச் சளி பிடிக்கும், வேண்டுமானால் இதில் ஒன்றைப் போட்டுக்கொள் என்று ஒரு கம்பளியை அவள் தோளில் போட்டாள். சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலமாரியில் இல்லாத ஒன்றைத் தேடினாள்.

அவள் திரும்பியபோது பெரியவள் ஒரு கவுனின் கழுத்தை உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்று. எண் தைத்த துணி என்றால் என்ன அர்த்தம் என்று இந்த உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் டெய்லரக்காவுக்குத் தெரியும். விடுதிப் பிள்ளைகளின் சீருடையை வருஷா வருஷம் தைத்துக் கொடுத்தவள் அவள்.

ஆனால் பெரியவள் எண்ணைப் பார்க்கவில்லை, தையலைப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். நகத்தால் ஒரு இழையைத் தூக்கி இழுத்தாள். பட்டை முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

“யாரு தைச்சது இது? இதுக்குப் பேர் தையலா?” என்று சொல்லிக்கொண்டே ஊசி டப்பாவை எடுத்துவரப் போனாள். எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு எங்கே என்று தினமும் கேட்கிறவள், அலமாரியின் மேல்தட்டில் பின்னால் மறைத்து வைத்திருந்த டப்பாவை நேராகப் போய் எடுத்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நூலைக் கையில் எடுக்காமல் தலையை நிமிர்த்திக் கேட்டாள்.

“லீவுக்கு வீட்டுக்குப் போற புள்ளையா, போகாத புள்ளையா?”

விடுதித் துணி கொண்டுவருகிற எல்லோரிடமும் அவள் கேட்கிற கேள்வி அது. வேறு எந்தக் கடையிலும் கேட்க மாட்டார்கள். லீவுக்கு வீட்டுக்குப் போகிற பிள்ளை என்றால் எண்ணை ஓட்டுத் தையலில் விடுவாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாக்காரி ஒரே இழுப்பில் உருவிவிடலாம், சட்டை வீட்டுச் சட்டையாகிவிடும். கூட்டிப் போக ஆள் வராத பிள்ளை என்றால் நாலு பக்கமும் கெட்டித் தையல். அந்தப் பிள்ளைக்கு இருப்பதே அந்தத் துணியும் அந்த எண்ணும்தான், கிழிகிறவரை தாங்கட்டும் என்பாள். கேள்வியைக் கேட்டதும் விடுதி வார்டன்கள் சிலர் தரையைப் பார்ப்பார்கள். பதில் வராமல் அவள் ஊசியில் நூல் கோக்க மாட்டாள்.

“சொன்னாத்தானே நூல் எடுக்க முடியும்?” என்றாள் பெரியவள்.

போகிற பிள்ளை என்று சொல்லச் சின்னவளுக்கு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பத்து நாளாகச் சொன்ன பொய்யோடு இன்னொன்று. ஆனால் ஓட்டுத் தையல் அந்த இல்லத்துச் சலவையில் ஒரு மாதம் தாங்காது. எண் உதிர்ந்தால் கம்பளி வேறு யாருக்கோ போய்விடும். அக்கா யாரோ ஒருத்தியின் ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஏன் குளிர்கிறது என்றுகூடச் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள்.

“போகாத புள்ளை, அக்கா,” என்றாள்.

பெரியவள் ச்சு என்றாள். தடித்த நூலை இரட்டையாகக் கோத்து, பட்டையின் ஓரத்தை மடித்து நகத்தால் அழுத்தி, தைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு குத்துக்கும் பாதி பின்னால் வந்து, எறும்பு வரிசை போகிற மாதிரி ஒரே அளவில் நாலு பக்கமும் சுற்றி வந்தாள். மூலையில் மூன்று சுற்று. ஆறு கவுனும் முடிந்தது, உள்சட்டைகளும் முடிந்தன. நடுவில் எழுந்திருக்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை. மூன்று வருஷத்தில் இப்படி ஒரு மத்தியானம் இருந்ததில்லை.

பார்த்துக்கொண்டே இருந்த சின்னவளுக்கு மனசில் பைத்தியக்கார ஆசை ஒன்று முளைத்தது. கைக்கு வேலை கொடுத்தால் போதுமோ? எதிர் வீட்டில் சொல்லி, பழைய துணியாகக் கொடுத்துத் தைக்கச் சொன்னால் பகலெல்லாம் இப்படியே உட்கார்ந்திருப்பாளோ? இன்னும் ஆறே மாதம் பார்த்தால் என்ன? அவள் கைபேசியை எடுத்து இல்லத்தின் எண்ணைத் தேடினாள். நாளைக்கு வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எண் கிடைத்தது. அழுத்தப் போனாள்.

“நீங்க அந்தப் புள்ளைக்கு என்ன வேணும்?”

பெரியவள் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வருகிறவர்களைப் பார்க்கிற மரியாதையான பார்வை. வாடி போடி தவிர வேறு அறியாத வாய் அது. சின்னவள் ஒரு நிமிஷம் காத்திருந்தாள், விளக்கு எரியுமா என்று. எரியவில்லை.

“தங்கச்சி,” என்றாள்.

“கூடப் பொறந்தவங்க நீங்க இருக்கீங்க. அப்புறம் எதுக்குங்க அங்க கொண்டு விடுறீங்க?”

குத்திக் காட்டவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். அதனால்தான் சின்னவளால் அழக்கூட முடியவில்லை. குழாயில் தண்ணீர் வராததற்கு ஆயிரம் காரணம் சொல்லத் தெரிந்தவளுக்கு இதற்கு ஒன்றும் வரவில்லை. கைபேசியைக் கட்டிலில் வைத்தாள்.

எதிரே நிற்கிற பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பெரியவளுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது.

“சரி விடுங்க, உங்களுக்கு என்ன கஷ்டமோ,” என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கையை நீட்டினாள். “அடுத்த துணியக் குடுங்க.”

சின்னவள் தோளில் கிடந்த கம்பளியை எடுத்துக் கொடுத்தாள்.